நூல்நிலையமும் காணொளியும்

கல்லூரியென்னும் உடலுக்கு நூல்நிலையமே உயிர் என்று நம் ஆண்டு விழாக்களில் யாரேனும் ஒருவர் கூறாதொழிதல் இல்லை. அதனைக் கேட்டுக் கைகொட்டி ஆரவாரித்த நம்முள் எத்துணைப் பேர் மறுநாள் அவ்வுயிரைத் தேடிச் சென்றனர் என வினவுவாரும் இல்லை. மாணாக்கர் நூல்நிலையத்தை மறந்து கைப்பேசியில் ஆழ்ந்துவிட்டனர் என ஆசிரியர் வருந்துகின்றனர். வேண்டிய நூல் எந்த அடுக்கில் இருக்கின்றதெனத் தேடிக் களைத்த பின்னரே கைப்பேசியைத் திறந்தோம் என மாணாக்கர் விடையிறுக்கின்றனர். இவ்விரு திறத்தாரிடையே நின்று, இணையத்தில் காணொளிகளைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தினை நூல்நிலையங்கள் எங்ஙனம் கைக்கொள்ளுதல் வேண்டும், எவ்விடத்து எச்சரிக்கையோடிருத்தல் வேண்டும் என்பனபற்றி என் சிற்றறிவிற்கு எட்டிய சில கருத்துக்களை ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தேன்.

இதனைக் கூறுதற்கு முதற்கண் 1931-ஆம் ஆண்டினை நினைவுகூர்தல் நலம். அவ்வாண்டில், நம் பொருளோடு தொடர்புடைய மூன்று நிகழ்ச்சிகள் சென்னை மாகாணத்தில் நிகழ்ந்தன. அவற்றுள் ஒன்று, எஸ். ஆர். அரங்கநாதனார் நூலக இயலின் ஐந்து விதிகளை விளக்கி எழுதிய நூல் சென்னை நூலகச் சங்கத்தாரால் வெளியிடப்பெற்றமை. சீர்காழியிற் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்று, கணித ஆசிரியராய்த் தொழில் தொடங்கி, 1924-ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்ந்தவர் அப்பெரியார். நூல்கள் பயன்படுதற்கே உள்ளன என்பதும், படிப்போர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூலும் நூல் ஒவ்வொன்றிற்கும் உரிய வாசகரும் கிடைத்தல் வேண்டும் என்பதும், வாசகரின் காலம் வீணாகாமற் காத்தல் வேண்டும் என்பதும், நூல்நிலையம் வளர்ந்துகொண்டே செல்லும் உயிர்ப்பொருள் போல்வது என்பதும் அவர் கூறிய விதிகளின் சாரம்.

இரண்டாவது நிகழ்ச்சி மன்னார்குடியில் நிகழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் மாட்டு வண்டி ஒன்றினை நூல்நிலையமாக்கிச் சுற்றுப்புறத்துச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். நூல்நிலையத்திற்கு வருதற்கு இயலாத உழவரின் வாயிலுக்கு நூல்கள் வண்டியேறிச் சென்றன. மூன்றாவது நிகழ்ச்சி அதே மாதம் 31-ஆம் நாள் நிகழ்ந்தது. எச். எம். ரெட்டி இயக்க, டி. பி. ராஜலட்சுமி நடித்த 'காளிதாஸ்' என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் அன்று வெளிவந்தது. வெள்ளித்திரை தமிழ் பேசுகின்றதெனக் கேட்ட மக்கள் எத்துணை வியப்புற்றிருப்பர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இம்மூன்றனுள் இன்று எஞ்சியிருப்பன யாவை? அரங்கநாதனாரின் நூல் உலகெங்கும் நூலக இயல் பயில்வோர் கையில் உள்ளது. மன்னார்குடி வண்டியின் வழியில் ஊர்திவழி நூல்நிலையங்கள் பல பிற்காலத்தில் தோன்றின. 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றேனும் இதுகாறும் கிடைத்திலது. அப்படத்தைப் பற்றி அக்காலப் பத்திரிகைகள் எழுதியவற்றை நாம் படிக்கலாம். படத்தைக் காண்டல் இயலாது. என்னை? பத்திரிகையைச் சேர்த்துவைத்துக் காக்க நூல்நிலையம் இருந்தது. படத்தைக் காக்க அத்தகைய நிலையம் அன்று இல்லை. படச்சுருள்கள் எளிதிற் தீப்பற்றும் பொருளால் ஆக்கப்பட்டவை. காலம் செல்லச் செல்லத் தாமே சிதைந்தும் போவன. ஓடி முடிந்த படத்தின் சுருளை எவரும் பேணவில்லை. நம் நாட்டில் திரைப்படங்களைக் காத்தற்கெனப் புனே நகரில் ஆவணக் காப்பகம் ஒன்று நிறுவப்பெற்றது 1964-ஆம் ஆண்டிலேயாம். அதற்குள் நாம் இழந்தவை மீளாதன.

இம்மூன்று நிகழ்ச்சிகளும் இக்காலத்துக் காணொளிக்கு நல்ல பாடம் கற்பிக்கின்றன. யூடியூப் முதலிய காணொளித் தளங்கள் மன்னார்குடி வண்டியைப் போல்வன. வாசகர் இருக்குமிடத்திற்கே நூல்நிலையத்தைக் கொண்டு செல்ல வல்லன. ஆயினும் வண்டி வேறு, நிலையம் வேறு. வண்டியில் ஏற்றிய பொருளின் மூலத்தை நிலையத்திற் காவாது விட்டால், 'காளிதாஸ்' அடைந்த கதியை நம் காலத்துக் காட்சிகளும் அடையும். யான் கூறப்புகுந்ததன் சுருக்கம் இதுவே. இனி இதனை விரித்துரைப்பேன்.

யூடியூப் 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மூன்று இளைஞரால் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அவர்களுள் ஒருவராகிய ஜாவேத் கரீம், விலங்குக்காட்சிச் சாலையில் யானைகளின் முன் நின்று பேசிய 19 விநாடிக் காட்சியே அதன்கண் ஏறிய முதற் காணொளி. மறு ஆண்டே கூகுள் நிறுவனத்தார் 165 கோடி டாலர் மதிப்பில் அதனை வாங்கினர். 2019-ஆம் ஆண்டில் ஒவ்வொரு நிமிடமும் 500 மணி நேரத்திற்கு மேற்பட்ட காட்சிகள் அதன்கண் ஏற்றப்பட்டுவந்தன என அந்நிறுவனத்தார் அறிவித்தனர். இக்கணக்கின்படி ஒரு நாளில் ஏறுவனவற்றை மட்டும் உண்ணாது உறங்காது ஒருவர் கண்டு முடிக்க 82 ஆண்டுகள் வேண்டும். இக்கடலின்கண் முத்தும் உண்டு, சிப்பியும் உண்டு, வெறுஞ்சேறும் உண்டு. ஆய்ந்தெடுத்துத் தருவார் இலராயின் மாணாக்கர் கையில் முதலில் அகப்படுவது எதுவென்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆய்தலும், வகைப்படுத்தலும், உரியவர்க்கு உரியதை எடுத்துக் கொடுத்தலும் நூலகர் தொன்றுதொட்டுச் செய்துவரும் தொழில் அன்றோ? ஆதலின், காணொளி பெருகப் பெருக நூலகரின் தேவையும் பெருகுமேயன்றிக் குறையாது என்பது என் துணிபு.

நூல்நிலையத்திற்குக் காணொளியால் விளையும் நன்மைகளுள் முதலாவது, நூல்நிலையத்தைப் பயன்படுத்தும் முறையைக் கற்பித்தல். முதலாண்டு மாணாக்கர் பலர் நூற்பட்டியலைப் பார்க்கும் வகையறியார். நூலின் முதுகில் ஒட்டியுள்ள எண்ணின் பொருளும் அறியார். நூலகரை அணுகிக் கேட்க நாணுவர். ஆண்டின் தொடக்கத்தில் நூறு பேரை ஒருங்கே நிறுத்திக் கூறும் அறிவுரை அன்று மாலையே மறந்துபோம். பட்டியலில் ஒரு நூலைத் தேடி, எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுக்கில் அதனைக் கண்டெடுக்கும் வரையில் உள்ள செயல்களை மூன்று நிமிடக் காணொளியாக எடுத்துவைத்தால், நாணமுடைய மாணாக்கன் தன் அறையிலிருந்தே பன்முறை கண்டு தெளிவான். 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்து நூல்நிலையத்தார், அக்காலத்துப் பெயர்பெற்ற விளம்பரம் ஒன்றனை நகையாடிப் போலச்செய்து, தம் நூல்நிலையத்திற்கு வருமாறு மாணாக்கரை அழைக்கும் சிறு படம் ஒன்றை வெளியிட்டனர். நூலகத்தார் எடுத்த படத்தைப் பல இலட்சம் பேர் தாமே விரும்பிக் கண்டனர். நகைச்சுவையும் அறிவுரையும் பகையல்ல என்பதற்கு இஃதொரு சான்று.

இரண்டாவது நன்மை, பூட்டிய பேழைக்குள் உள்ளவற்றைப் பலர் காணச் செய்தல். வாஷிங்டன் நகரத்துக் காங்கிரஸ் நூலகம் 2009-ஆம் ஆண்டு ஏப்ரலில் யூடியூபில் தனக்கென ஓரிடம் அமைத்துக்கொண்டது. தாமஸ் எடிசனின் கூடத்தில் எடுக்கப்பட்ட பழம் படங்களும், 1904-ஆம் ஆண்டில் வெஸ்டிங்ஹவுஸ் தொழிற்சாலையுள் எடுத்த காட்சிகளும், நூலாசிரியர்கள் அங்கு ஆற்றிய சொற்பொழிவுகளும் முதற்கண் வெளியிடப்பெற்றவற்றுள் அடங்கும். 2014-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுப் பிரிட்டிஷ் பாத்தே என்னும் செய்திப்படக் காப்பகத்தார் தம்மிடம் இருந்த 85,000 படங்களை யூடியூபில் ஏற்றினர். முன்னாளிற் கடல் கடந்து சென்று, இசைவு பெற்றுக் காணவேண்டியிருந்தவற்றை இன்று நம்மூர் மாணவி ஒருத்தி திண்ணையில் அமர்ந்து காண்கின்றாள். நம் நாட்டிலும், கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூற்செல்வத்தைக்கொண்டு 1994-ல் சென்னையில் நிறுவப்பெற்ற ஆராய்ச்சி நூலகத்தார், தம் அரங்கில் நிகழும் சொற்பொழிவுகளை இணையத்திற் காணத் தருகின்றனர். நாற்பது பேர் அமர்ந்து கேட்ட பேச்சு நாற்பது ஊர்களை எட்டுகின்றது.

மூன்றாவது, கதவடைத்த காலத்தும் தொண்டு நிகழ்தல். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவி உலகெங்கும் நூல்நிலையங்கள் மூடப்பட்டபொழுது, சிறார்க்குக் கதை வாசித்துக் காட்டும் தொண்டினை நூலகர் பலர் காணொளி வாயிலாக இடையறாது நடத்தினர். பாடங்களின் திறத்திலும் இவ்வுண்மையை நாம் கண்டோம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் கூடி நடத்தும் என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தின் பாடங்கள், அக்கழகங்களின் வாயிலை ஒருநாளும் மிதியாத மாணாக்கர்க்கும் ஆசான் ஆயின. ஆயினும் இத்தகைய நற்பாடங்கள் உள்ளன என்பதையே அறியாதார் நம்மிடையே பலர். நூற்பட்டியலில் ஒரு பொருளைத் தேடும் மாணாக்கனுக்கு, அப்பொருள் பற்றிய நூல்களின் கீழே தேர்ந்தெடுத்த காணொளிகள் நான்கனையும் குறித்துவைத்தல் நூலகருக்கு அரிதோ? நூலின் உள்ளட்டையில் கியூ.ஆர். குறி ஒன்றினை ஒட்டிவைத்தாலும் போதும். வாசகரின் காலத்தை மிச்சப்படுத்துதல் என்னும் விதிக்கு இதனினும் எளிய வழி வேறொன்றில்லை.

அற்றேல், காணொளியை நூல்நிலையத்திற்குள் விடுதல் பூனையைப் பாற்குடத்திற்குக் காவல் வைத்தலை ஒக்கும், படிக்கும் பழக்கமே அழிந்துபோம் என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஒரு காட்சி முடியுமுன் மற்றொன்றினைக் காட்டி, இரவு முழுவதும் நம்மைப் பிடித்துவைத்தல் அத்தளங்களின் இயல்பு. விளம்பரத்தாற் பொருளீட்டும் வாணிகம் அஃது. நம் நேரமே அதற்கு முதல். நூல்நிலையமோ நம் நேரத்தைக் காத்தற்கு ஏற்பட்டது. ஆயினும் மாணாக்கர் அங்கே சென்றுவிட்டனர் என்பதும் உண்மையே. அவர்கள் செல்லும் சந்தையில் நூல்நிலையத்தின் குரல் ஒலியாதிருப்பின் பிறர் குரல்களே ஒலிக்கும். மன்னார்குடி வண்டியும் நல்லோர் நடமாடும் தெருக்களில் மட்டுமே சென்றிராது. நம் காணொளி ஒவ்வொன்றும் இறுதியில் ஒரு நூலின் பெயரையும், அது நம் நூல்நிலையத்தில் இருக்கும் அடுக்கின் எண்ணையும் கூறி முடியுமாயின், பார்த்தவர் பத்துப் பேரில் ஒருவரேனும் படிக்க வருவர். அவ்வொருவரின் பொருட்டே இம்முயற்சி தகும்.

நன்மைகள் நிற்க. இனி அச்சத்திற்குரியதனைக் கூறுவேன். சில ஆண்டுகட்கு முன்னர் நம் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றார். பிரிவுரையின்போது அவர் ஏட்டுச்சுவடி படிக்கும் முறையைத் தம் பாட்டனாரிடம் இளமையிற் கற்ற வரலாற்றை ஒரு மணி நேரம் எடுத்துரைத்தார். புள்ளியும் காலும் இல்லாத எழுத்தினை எவ்வாறு இடமறிந்து படித்தல் வேண்டும் என்பதனைக் கரும்பலகையில் எழுதியும், பாட்டனார் பாடிய ஓசையிற் பாடியும் காட்டினார். மாணாக்கன் ஒருவன் அதனைக் கைப்பேசியிற் பதிவு செய்து தன் பெயரிலுள்ள கணக்கின்வழி இணையத்தில் ஏற்றினான். நாங்கள் அனைவரும் கண்டு மகிழ்ந்து நண்பர்க்கும் அனுப்பினோம். ஆண்டுகள் சென்றன. மாணாக்கன் படிப்பு முடிந்து போனான், கைப்பேசி பழுதாயிற்று, கணக்கும் ஒழிந்தது. சென்ற ஆண்டு அவ்வாசிரியர் காலமானார். அவருடைய மகளார் நூல்நிலையத்திற்கு வந்து, தந்தையாரின் குரலை ஒருமுறை கேட்கலாகுமோ என வினவினார். பழைய இணைப்பினைத் தேடியெடுத்துத் தட்டினோம். அக்காணொளி இப்பொழுது கிடையாது என்னும் ஒரு வரியே தோன்றியது. நூல்நிலையக் கோப்பில் இருந்தது அன்றைய கூட்டத்தின் அச்சிட்ட அழைப்பிதழ் ஒன்றே. அதனைத்தான் அவர் கையிற் கொடுத்தோம். அக்கூட்டத்தில் யானும் இருந்தேன்; கைகொட்டினேன்; ஒரு பிரதி எடுத்து நூல்நிலையத்தில் வைப்போம் என்று கூறினேனல்லேன்.

இஃது எங்கள் ஒருவர் பிழை மட்டுமன்று. உலகளவிலும் இத்தகைய இழப்புக்கள் நேர்ந்தன. கூகுள் வீடியோ என்னும் தளத்தில் 2009-ஆம் ஆண்டோடு புதிய காட்சிகளை ஏற்றுதல் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே உள்ளனவும் விரைவில் நீக்கப்படும் என 2011-ல் அறிவிப்பு எழுந்தது. பலர் முறையிட்டதனால் தவணை நீட்டப்பட்டு, 2012-ல் அத்தளம் முற்றும் மூடப்பட்டது. வைன் என்னும் தளம் 2017-ல் மறைந்தது. 2020-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் நம் அரசினர் டிக்டாக் முதலிய 59 செயலிகளைத் தடை செய்தனர். தடையின் நியாயத்தை ஆராய்தல் ஈண்டு நம் கருத்தன்று. நம் நாட்டுப் பாடகரும், உழவரும், கைத்தொழிலாளரும் அதன்கண் ஏற்றிவைத்த காட்சிகள் ஒரே நாளில் நம் கண்ணுக்கு எட்டாதனவாயின என்பதே நாம் கருதத்தக்கது. பிறர் வீட்டுத் திண்ணையில் நம் பெட்டியை இறக்கிவைத்து இளைப்பாறலாம்; அத்திண்ணையையே நம் கருவூலமெனக் கொள்ளலாகாது.

மற்றொரு நிகழ்ச்சியும் நினைக்கத்தக்கது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி கிளையினர் தம் வகுப்புரைகளை உலகோர் யாவர்க்கும் இணையத்தில் வழங்கினர். அவற்றுட் பலவற்றிற்கு எழுத்துரை இன்மையால் செவிப்புலன் குன்றியோர் பயன்பெற இயலவில்லை என 2016-ல் அமெரிக்க நீதித்துறையினர் குறை கண்டனர். குறையைத் தீர்த்தற்கு ஆகும் செலவினை அஞ்சிய பல்கலைக்கழகத்தார், 2017-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 20,000-க்கு மேற்பட்ட பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையினின்றும் அகற்றினர். பின்னர் 2022-ஆம் ஆண்டில், தம் இணையப் பாடங்களை அனைவர்க்கும் உரியவாறு திருத்தியமைக்க உடன்பட்டனர். இதிலிருந்து நாம் அறிவது யாது? எழுத்துரையைத் தொடக்கத்திலேயே சேர்த்திருப்பின் செலவும் சிறிதாயிருக்கும், இழப்பும் நேர்ந்திராது. ஒவ்வொரு வாசகர்க்கும் என்னும் விதியில் செவி கேளாதவரும் அடங்குவர். எழுத்துரை உள்ள காணொளியிற் சொற்களைத் தேடியெடுத்தலும் எளிது. ஆதலின் அஃது எல்லார்க்கும் பயன்படும்.

சட்டத்தின் எல்லையையும் நாம் அறிந்து நடத்தல் வேண்டும். ஒரு நூலை வாங்கி அடுக்கில் வைத்திருக்கின்றோம் என்பதனால், அதனை முழுதும் படித்துப் பதிவு செய்து உலகிற்கு வழங்கும் உரிமை நமக்கு உண்டாகிவிடாது. ஆசிரியர் உயிரோடிருப்பின் ஒரு கடிதம் எழுதி இசைவு பெறுதல் முறை. பேசுவோரிடத்தும் பாடுவோரிடத்தும் அங்ஙனமே இசைவு பெற்றுக் கையொப்பத்தோடு கோப்பில் வைத்தல் வேண்டும். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. அதற்கு 2012-ல் நிகழ்ந்த திருத்தத்தின்படி, ஊதியம் கருதாத பொது நூல்நிலையம் தன்னிடம் அச்சு முதலிய வடிவில் ஏற்கெனவே உள்ள படைப்பினைக் காத்தற்பொருட்டு மின்வடிவிற் சேமித்துக்கொள்ளலாம். காத்தலுக்கு இத்துணை இடம் தந்த சட்டம், சேர்த்தலுக்கு இன்னும் வழி செய்யவில்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நம் நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கல்கத்தாத் தேசிய நூலகத்திற்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் அனுப்பப்படுதல் வேண்டும். அச்சில் வரும் சிறு பாட்டுப்புத்தகத்திற்கும் அவ்வேற்பாட்டில் இடம் உண்டு. இணையத்தில் மட்டும் வெளிவரும் அரிய பேச்சிற்கு அதில் இடம் இல்லை. ஆதலின் அதனைக் காக்கும் கடமை அவ்வந்நிலையத்தாரையே சாரும்.

இனி நம் கல்லூரி நூல்நிலையத்தார்க்குச் சில விண்ணப்பங்கள் செய்துகொள்ளுகின்றேன். முதலாவது, நம் அரங்கில் நிகழும் சிறந்த சொற்பொழிவுகளையும், ஓய்வுபெறும் ஆசிரியர் நினைவுரைகளையும், முதிய பழைய மாணவர் கூறும் கல்லூரி வரலாற்றையும் நூல்நிலையமே முன்னின்று பதிவு செய்தல் வேண்டும். இரண்டாவது, பதிவின் மூலப்பிரதி முதற்கண் நூல்நிலையத்தை அடைதல் வேண்டும். யூடியூபில் ஏற்றுதல் அதன் பின்னரே நிகழ்க. மூன்றாவது, பேசியவர், பொருள், நாள், இடம், பதிவு செய்தவர், பெற்ற இசைவு ஆகிய இவற்றைக் குறித்து, ஒரு நூலுக்குச் செய்வதுபோலவே எண்ணிட்டுப் பட்டியலிற் சேர்த்தல் வேண்டும். நான்காவது, ஏற்றும் கணக்கு எவரேனும் ஒருவர் பெயரில் இல்லாமல் நூல்நிலையத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். நூலகர் மாறினும் கணக்கு மாறாதிருத்தல் இன்றியமையாதது. ஐந்தாவது, தமிழ் எழுத்துரை சேர்க்கும் பணியினை மாணாக்கர் ஏற்றல் வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சினைக் கேட்டுப் பிழையற எழுதிப் பழகுவோன், செய்யும் உதவியினும் பெறும் தமிழறிவு பெரிதாயிருக்கும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுமே எனின், அஃது அத்துணைப் பெரிதன்று. ஒரு மணி நேரக் காட்சிக்கு 3 கிகாபைட் இடம் வேண்டும் எனக் கொண்டால், 1 டெராபைட் கொள்ளும் வட்டில் 300 மணி நேரத்திற்கு மேற்பட்ட பேச்சுக்களைச் சேமிக்கலாம். நம் கல்லூரியிற் பல ஆண்டுகளில் நிகழும் நற்பேச்சுக்கள் யாவும் அதன்கண் அடங்கும். வட்டும் பழுதாகும் பொருளே. ஆதலின் மூன்று பிரதிகள் எடுத்து, அவற்றுள் ஒன்றனை வேற்றிடத்தே வைத்து, சில ஆண்டுகட்கு ஒருமுறை புதிய வட்டில் மாற்றியெழுதுதல் வேண்டும். ஏடுகள் செல்லரிக்குமுன் புதிய ஓலையிற் படியெடுத்துக் காத்த முன்னோரின் வழியினர்க்கு இவ்வேலை புதிதன்று. அவர்கள் படியெடுத்தமையாலன்றோ பழந்தமிழ் நூல்கள் நம் கையை எட்டின? படியெடாத ஏடுகள் எத்துணை அழிந்தன என்பதற்குக் கணக்கில்லை.

அன்பார்ந்த மாணாக்கர்களே, நீங்கள் நாள்தோறும் காட்சிகளை எடுக்கின்றீர்கள். எடுத்தவுடன் உலகிற்கு அனுப்புகின்றீர்கள். அனுப்புமுன் ஒரு பிரதியை நூல்நிலையத்திற்கும் கொடுங்கள். பழைய மாணவர்களே, உங்கள் இல்லப் பெட்டிகளிலும் பழைய கைப்பேசிகளிலும் உறங்கும் கல்லூரிக் காட்சிகளைத் தேடிப் பாருங்கள். அந்தப் பிரிவுரையின் ஒரு துண்டேனும் உங்களுள் எவரிடத்தேனும் இருத்தல் கூடும். இருப்பின், நூல்நிலைய மேசையில் அதனைக் கொணர்ந்து தாருங்கள். அழைப்பிதழை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிச் சென்ற அம்மையாருக்கு நாங்கள் இன்னும் ஒரு விடை சொல்ல வேண்டியிருக்கின்றது.